பொழுது சாய்வதற்குள்...

சித்திரை மாதத்துச் சுவாதி நட்சத்திரம், திருக்குறிப்புத் தொண்ட நாயனாரின் குருபூஜை நாள். அறுபத்துமூவர் எழுந்தருளியுள்ள எந்தச் சிவாலயத்திலும் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் அடியார்களுள் அவரையும் கைகூப்பி வணங்கிவிட்டுத்தான் நாம் நகர்கிறோம். காஞ்சிக்குச் செல்லும் அன்பர்கள் ஏகாம்பரநாதரையும் காமாட்சி அம்மையையும் தரிசித்த பின், சற்று நேரம் ஒதுக்கி, இந்த நாயனாரோடு தொடர்புடைய முத்தீஸ்வரர் ஆலயத்துக்கும் செல்வதுண்டு.

ஏகாலியர் மரபில் தோன்றியவர். ஊராருடைய ஆடைகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தவர். பெற்றோர் இட்ட பெயரைச் சேக்கிழார் சொல்லவில்லை. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அவரைத் தொழிலாலோ ஊராலோ குறிக்காமல், அவருடைய குணம் ஒன்றினாலேயே குறித்தார். அடியவர் வாய் திறந்து கேட்பதற்கு முன்பே அவர் மனத்தில் உள்ளதை முகத்தாலும் உடலாலும் அறிந்து செய்தவர் என்பதே 'திருக்குறிப்பு' என்ற அடைமொழியின் பொருள். வள்ளுவப் பெருந்தகையும் குறிப்பறிதல் என்ற தலைப்பில் அமைச்சியலில் ஓர் அதிகாரமும், காமத்துப்பாலில் மற்றோர் அதிகாரமும் வைத்திருக்கிறார். அரசவையில் பணிபுரிவோனுக்கும் அன்புடையோர்க்கும் ஒரே திறம்தான் வேண்டும் என்று அவர் கருதினார் போலும்.

நான் வங்கியொன்றில் 34 ஆண்டுகள் கவுன்ட்டரில் அமர்ந்து ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன். இந்த நாயனாரின் சரிதத்தைச் சிறுவயது முதல் பலமுறை கேட்டிருக்கிறேன். பாறையில் தலையை மோதிக்கொள்ளும் இறுதிக் காட்சியில்தான் கேட்பவர் கண் கலங்கும். கதை சொல்பவரும் அங்கேதான் குரலை உயர்த்துவார். என் மனமோ, ஓய்வு பெற்ற பிறகு, அதற்கு முந்தைய ஒரு சிறு உரையாடலிலேயே நின்றுவிட்டது.

குளிர்காலம். உடலெங்கும் திருநீறு, இடையில் அழுக்கேறிய ஒரே கந்தை, மெலிந்த தேகம். இப்படி ஓர் ஏழை அடியவராகப் பரமன் வருகிறார். நாயனார் எதிர்சென்று வணங்குகிறார். அவர் முதலில் கேட்டது துணியைப் பற்றியன்று. "தங்கள் திருமேனி இவ்வளவு இளைத்திருப்பது ஏன்?" என்பதே முதற் கேள்வி. அதன் பிறகுதான், "இக்கந்தையைத் தாருங்கள், தோய்த்துத் தருகிறேன்" என்று வேண்டுகிறார். வந்தவர் உடனே கொடுத்துவிடவில்லை. "அழுக்கு இருப்பது உண்மைதான். ஆயினும் இதை விட்டால் குளிருக்கு எனக்கு வேறு ஒன்றும் இல்லை. பொழுது சாய்வதற்குள் கொடுப்பதானால் கொண்டு செல்லும்" என்று நிபந்தனை விதிக்கிறார். நாயனார் சம்மதித்து வாக்குக் கொடுக்கிறார்.

வெளுப்புத் தொழிலை அருகிலிருந்து பார்த்த நம் தலைமுறையினருக்கு அந்த வாக்கின் கனம் விளங்கும். அழுக்குப் போக்கி, வெள்ளாவியில் வைத்து, கல்லில் அடித்துத் துவைத்து, அலசி, வெயிலில் உலர்த்த வேண்டும். இதில் பாதி வேலை மனிதன் கையில்; மீதிப் பாதி வானத்தின் கையில். குளிர்காலத்து வானத்தை நம்பி ஒரு நாளில் தருகிறேன் என்பது துணிந்து கொடுக்கும் வாக்கு. நாயனார் அதை அறியாதவரல்லர். எதிரில் நிற்பவரின் குளிரைப் பார்த்தார், கொடுத்தார்.

பிறகு நடந்ததை நாம் அறிவோம். துணியைப் புழுக்கி எடுத்துத் துவைக்கப் புகும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிடும் என்று காத்திருந்தார், விடவில்லை. பொழுதும் சாய்ந்தது.

இந்த இடத்தில் நம்மில் யாராக இருந்தாலும் ஒரு வாக்கியம் ஆயத்தமாக வைத்திருப்போம்: "மழைக்கு நான் என்ன செய்வேன்?" அது பொய்யான சமாதானமும் அன்று. நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்த உண்மை, நனைந்த கந்தையைத் திரும்பப் பெறும் கிழவரின் குளிரை ஒரு துளியும் போக்காது. நாயனார் தம் பக்கத்து நியாயத்தைத் தேடவே இல்லை. அடியவர் நடுங்குவார் என்ற ஒன்றே அவர் கண்முன் நின்றது. வேறு கதி காணாமல், துணி துவைக்கும் அதே கல்லில் தலையை மோதினார். அப்போது அந்தப் பாறையிலிருந்தே ஒரு திருக்கரம் எழுந்து அவரைத் தடுத்துப் பிடித்தது. காஞ்சியில் அம்மை தழுவியதால் வளைத் தழும்பு ஏற்ற பெருமான் அல்லவா அவர்? அந்தக் கைதான் துவைப்பவரின் கல்லில் தோன்றியது. பெய்துகொண்டிருந்த மழை மலர் மாரியாயிற்று.

தலையை மோதிக்கொள்ளும் அளவுக்கு நம்மை யாரும் கேட்கவில்லை. "திருமேனி இளைத்திருப்பது ஏன்?" என்ற முதற் கேள்வியைக் கேட்கும் அளவுக்காவது நான் இருந்தேனா என்பதுதான் என்னை உறுத்தியது.

வாடிக்கையாளராக வந்த பரமன்

பெரிய புராணத்தை இந்தக் கோணத்தில் மீண்டும் புரட்டினால் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பழையாறையில் பிறந்த துணி வணிகர் அமர்நீதி நாயனாரிடம், கோவணம் ஒன்றைப் பாதுகாத்துத் தருமாறு ஒப்படைக்கும் பிரமசாரியாக இறைவன் வருகிறார். தில்லையில் மட்பாண்டம் செய்த திருநீலகண்ட நாயனாரிடம் ஓடு ஒன்றைக் கொடுத்து வைக்கும் யோகியாக வருகிறார். காஞ்சியில் வெளுப்பவரிடம் கந்தை கொடுக்கும் கிழவராக வருகிறார். மூவரிடமும் தொழிலின் வழியாகவே வந்தார், வாடிக்கையாளராகவே வந்தார்.

அதுவும் எப்படிப்பட்ட வாடிக்கையாளர்! கொடுத்து வைத்த கோவணத்தைத் தாமே மறைத்துவிட்டு, வேறு நல்ல ஆடை தருகிறேன் என்றாலும் ஏற்காமல் தராசு வரை இழுத்தார். ஓட்டையும் தாமே மறைத்தருளிவிட்டு, பொன்னால் ஓடு செய்து கொடுத்தாலும் வேண்டாம் என்று கூறி, தில்லைவாழ் அந்தணர்களின் அவையில் வழக்குத் தொடுத்தார். கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இப்படிப்பட்டவர்களை நன்றாகத் தெரியும். என்ன சொன்னாலும் சமாதானம் அடையாதவர். மேலதிகாரியைப் பார்க்க வேண்டும் என்பவர். அப்படி ஒருவர் வந்து நின்றால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொள்வோம். அமர்நீதியார் அப்படிச் சிரிக்கவில்லை. கடைசியில் மனைவி மக்களோடு தாமும் தராசுத் தட்டில் ஏறினார்.

சேக்கிழார் சோழப் பேரரசில் அமைச்சராக இருந்தவர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். உத்தமசோழப் பல்லவராயன் என்று பட்டம் பெற்றவர். வாயிலில் காத்து நிற்போரின் முகங்களை நாள்தோறும் பார்த்த ஒருவர்தாம் இந்தக் கதைகளை நமக்குப் பாடி வைத்தார். நாயனார் கேட்ட முதற் கேள்வியை விடாமல் அவர் பதிவு செய்ததில் அந்த அனுபவத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

இரண்டு மணி ஐந்து நிமிடம்

சொல்லக் கூச்சமாக உள்ள ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நான் பணியில் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். அக்காலத்தில் வங்கியில் காலை பத்து மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை பணம் கொடுக்கல் வாங்கல் நடக்கும். பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருப்பார்கள். அன்று நான் கேஷ் கவுன்ட்டரில் இருந்தேன். கடிகாரம் இரண்டு மணி ஐந்து நிமிடம் காட்டியது. கம்பிக் கதவை இழுத்துவிட்டேன். பணத்தை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை, பெட்டியும் பூட்டவில்லை.

கிராமத்திலிருந்து வந்த அம்மாள் ஒருவர் மூச்சு வாங்க வந்து நின்றார். ஒரு கையில் பாஸ் புத்தகம், மறு கையில் துணிப்பை. பைக்குள் தூக்குப் பாத்திரம் இருந்தது வெளியே தெரிந்தது. "கவுன்ட்டர் மூடியாயிற்று, நாளை வாருங்கள்" என்றேன். அவர் ஒன்றும் வாதாடவில்லை. சற்று நேரம் அங்கேயே நின்றார். பிறகு போய்விட்டார்.

மறுநாள் காலை முதல் ஆளாக வந்தார். பணத்தை எண்ணிக் கொடுக்கும்போதுதான் முகத்தைப் பார்த்தேன். மூக்கின் ஓரத்தில் துளை மட்டும் இருந்தது, மூக்குத்தி இல்லை. முதல் நாள் இருந்ததா என்று யோசித்தேன், இருந்தது. வெயிலில் மின்னியது நினைவுக்கு வந்தது. "நேத்தே வேண்டியிருந்துது சாமி. பரவாயில்லே" என்று சொல்லிவிட்டு, பணத்தைச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு சென்றார். எங்கள் கடைநிலை ஊழியர், வாசலில் எல்லோரிடமும் நலம் விசாரிக்கும் பழக்கமுள்ள பெரியவர், பிற்பாடு விவரம் சொன்னார். கணவர் அரசு மருத்துவமனையில் இருந்தார். வெளியில் வாங்கச் சொன்ன மருந்துக்காக அன்று மாலையே மூக்குத்தி அடகுக் கடைக்குப் போய்விட்டது.

விதிப்படி நான் செய்ததில் பிழை இல்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்கவும் இல்லை. தூக்குப் பாத்திரத்தைப் பார்த்தேன். அது ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டுபோகும் பாத்திரம் என்று தெரிந்துகொள்ளப் பெரிய அறிவு வேண்டாம். எங்கள் வீட்டிலும் அதே பாத்திரம் அதே வேலைக்குப் போயிருக்கிறது. கண் பார்த்தது, குறிப்பை வாங்கிக்கொள்ளவில்லை. வாசலில் இருந்த பெரியவர் என்னைவிடக் குறைந்த சம்பளம் வாங்கியவர். வாங்க வேண்டியதை அவர்தாம் வாங்கினார்.

விதிகளை வளைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எதிரில் நிற்பவர் கண்ணீர் விட்டார் என்பதற்காகக் கையெழுத்து ஒத்துப்போகாத காசோலைக்குப் பணம் கொடுத்துவிட முடியாது. அது வேறொருவர் பணம். ஆனால் முடியாது என்பதற்குள்ளும் பல படிகள் இருக்கின்றன. "இது இன்று ஆகாது. நாளை இன்ன தாளைக் கொண்டு வந்தால் ஆகும். அலையாதீர்கள், அந்தத் தாளை இன்ன மேஜையில் வாங்கலாம்" என்று சொல்வது ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தைச் சேமித்து நாங்கள் என்ன செய்தோம் என்று யோசித்தால் விடை பெருமைப்படும்படியாக இல்லை.

என் பேரன் ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறான். ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவார்களாம். பதில் அனுப்பியதும் அந்தப் புகார் 'மூடப்பட்டது' என்று கணினியில் காட்டுமாம். ஒரு நாளில் எத்தனை மூடினோம் என்பதுதான் கணக்காம். "புகார் மூடிவிட்டது சரி, புகார் சொன்னவர் குறை தீர்ந்ததா?" என்றேன். "அதைக் கேட்கத் தனிக் கட்டம் கிடையாது தாத்தா" என்றான். பிறகு சிறிது யோசித்து, "சில பேரை மட்டும் மறுநாள் நானே கூப்பிட்டுக் கேட்பேன்" என்று தயங்கிச் சொன்னான். அதற்கு அவனுக்கு மதிப்பெண் எதுவும் கிடைப்பதில்லை.

ரேகை தேய்ந்த விரல்கள்

இப்போது கவுன்ட்டருக்கு மறுபுறம் நிற்கும் முறை நம்முடையது. ஆண்டுதோறும் நவம்பர் மாதம் வந்துவிட்டால், மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு, தாம் உயிரோடு இருப்பதைத் தாமே சென்று மெய்ப்பிக்கும் கடமை ஒன்று இருக்கிறது. 80 வயது நிறைந்தோர் அக்டோபர் முதல் நாளிலிருந்தே இதைச் செய்யலாம். 2014-ஆம் ஆண்டு நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்னும் மின்னணு முறை வந்த பின், விரலைக் கருவியில் வைத்தால் போதும், ஆதாரோடு ஒப்பிட்டுச் சான்று பதிவாகிவிடும் என்றார்கள். விரலில் ரேகை இருப்பவர்களுக்கு அது பெரிய வசதிதான்.

சென்ற ஆண்டு நான் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. கணவர் காலமான பின் குடும்ப ஓய்வூதியம் பெறுபவர். கருவியில் விரலை வைத்தார்; ஏற்கவில்லை. மற்றொரு விரல், அதுவும் இல்லை. வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. உண்மையைச் சொல்வதானால் அதில் என் குரலும் சேர்ந்திருந்தது. மூதாட்டியின் முகத்தில் தாம் ஏதோ தவறு செய்துவிட்டது போன்ற அச்சம்.

கவுன்ட்டரில் இருந்த இளம்பெண் எழுந்து வெளியே வந்தாள். அந்த விரல்களைத் தன் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பாட்டி, என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டாள். "நாலு வீட்டுத் துணி துவைச்சேன் கண்ணு, முப்பது வருஷம்" என்றார் அவர். "அதுதான் தேஞ்சிருக்கு. உங்க மேல தப்பு ஒண்ணும் இல்லே" என்று சொல்லிக் கை கழுவி வரச் செய்து, ஈரத்தைத் துடைத்து, ஒவ்வொரு விரலாக மெல்ல அழுத்திப் பார்த்தாள். ஒன்றும் பதியவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்து, முகத்தைக் கொண்டு சரிபார்க்கும் வழியில் முயன்றாள். இரண்டாம் முறை பதிவாயிற்று. "அடுத்த வருஷம் வந்தா முகத்தை வச்சே பண்ணச் சொல்லுங்க" என்று ஒரு தாளில் எழுதிப் பாஸ் புத்தகத்துக்குள் செருகிக் கொடுத்தாள்.

துணி துவைத்துத் தேய்ந்த கை என்றதும் எனக்குக் காஞ்சியின் நினைவு வந்தது. முணுமுணுத்த என் வாய் அடைத்துப்போயிற்று. அந்தப் பெண் பெரிய புராணம் படித்திருப்பாளா? அவள் முதலில் கேட்ட கேள்வியில் அந்தப் புராணத்தின் சாயல் இருந்தது.

நாம் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும்போதும் உள்ளே இருப்பவரின் குறிப்பை அறியலாம். காலை முதல் நூறு பேருக்குப் பதில் சொன்ன முகத்தை நூற்றொன்றாவதாக நாம் பார்க்கிறோம். தாள்களை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு நின்றால் நம்மால் ஆன உபகாரம் அதுவே. முதியோர் என்பதற்காகச் சற்று அதட்டலாகப் பேசும் உரிமை நமக்கு இருப்பதாக நம்மில் சிலர் எண்ணுகிறோம். நானும் எண்ணியிருக்கிறேன்.

ஒரே கோயில், இரு பணியாளர்

வாடிக்கையாளரிடம் முகம் மலர்ந்து பேசுவது ஓரளவு பழகிவிடும். அவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். நாள்தோறும் எட்டு மணி நேரம் பக்கத்து நாற்காலியில் இருப்பவரிடம் அப்படி நடப்பதுதான் கடினம்.

கோயிலும் ஒரு பணியிடமே. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் வெட்டுவித்த கல்வெட்டு, 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசையோடு குறிக்கிறது. அவர்களோடு இசைவாணர், கணக்கர், விளக்கேற்றுவோர், குயவர், தச்சர், தையற்காரர், துணி வெளுப்போர் என்று அங்கே பணிபுரிந்தோருக்கெல்லாம் பங்கு வகுத்திருக்கிறது. ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையெனில் தகுதியுடைய ஒருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அத்தனை பேர் ஓரிடத்தில் வேலை செய்தால் பொறாமையும் பிணக்கும் இல்லாமலா இருந்திருக்கும்?

காஞ்சியிலேயே இதற்கு மாற்றாக ஓர் அழகிய காட்சி உண்டு. வரதராஜப் பெருமாளுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கரியத்தைப் பூவிருந்தவல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகள் செய்தார். அதே பெருமாளுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்து வந்தவர் இராமானுசர். ஒருவர் விசிறி பிடித்தார், மற்றவர் குடம் சுமந்தார். கல்வியிலும் குலத்திலும் உலகம் இராமானுசரை உயரத்தில் வைத்தது. அவரோ தம்மோடு பணிபுரிந்த நம்பிகளை ஆசாரியராக ஏற்கத் துடித்தார். தம் மனத்தில் இருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை பெற்றுத் தருமாறு நம்பிகளைத்தான் வேண்டிக்கொண்டார். உடன் வேலை செய்பவருக்குத் தன்னிடம் இல்லாத ஒன்று வாய்த்திருப்பதைக் கண்டு, அதைக் கேட்டுப் பெறும் மனம் அவருக்கு இருந்தது.

அந்த மனம் இல்லாதவனின் கதையும் நமக்குத் தெரியும். ஏனாதிநாத நாயனார் வாட்பயிற்சி அளிக்கும் ஆசிரியர். அதே தொழிலைச் செய்த அதிசூரனுக்கு, மாணவர்கள் நாயனாரிடம் சேரச் சேரத் தன் வருவாய் குறைந்தது. நேர்ப் போரில் தோற்றவன், விடியுமுன் தனியே பொருவோம் என்று அழைத்தான். நெற்றியில் திருநீறு பூசி அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்து, நெருங்கியதும் காட்டினான். சிவவேடத்தின்மேல் வாள் வீச மாட்டாமல் நின்ற நாயனார், வாளையும் கேடயத்தையும் மட்டும் கீழே போடவில்லை. ஆயுதம் இல்லாதவரைக் கொன்றான் என்ற பழி அவனுக்கு வரக்கூடாதாம்! அந்த உயரம் நமக்கு எட்டாது. அதிசூரனின் வயிற்றெரிச்சலோ, தயங்காமல் சொல்கிறேன், எனக்கு நன்றாகப் பழக்கமானது.

எங்கள் கிளையில் என்னோடு ஒரே ஆண்டில் சேர்ந்த நண்பர் ஒருவர் இருந்தார். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. அன்றிலிருந்து எட்டு மாதங்கள் அவரோடு நான் வேலை தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை.

கணினி வராத காலம். ஜூன் மாதக் கடைசியில் அரையாண்டுக் கணக்கு முடிப்பு. லெட்ஜரில் உள்ள ஒவ்வொருவர் இருப்பையும் கையால் கூட்டினால் பொதுப் பேரேட்டில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். என் லெட்ஜரில் 45 ரூபாய் குறைந்தது. இரண்டு இரவுகள் விழித்தும் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் என் தந்தையாரின் திதி. ஊருக்குப் போக வேண்டும். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினேன். மந்திரம் சொல்லும்போதும் 45 ரூபாய்தான் மனத்தில் ஓடியது.

திரும்பி வந்து லெட்ஜரைத் திறந்தால், ஒரு பக்கத்தில் துண்டுச்சீட்டு. பென்சிலில் எழுதியிருந்தது. அவர் கையெழுத்து.

பழைய வங்கிக்காரர்களுக்கு ஒரு சூட்சுமம் தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி விழுந்திருக்கக் கூடும். 45-ஐ ஒன்பதால் வகுத்தால் ஐந்து. ஆகவே ஐந்து வித்தியாசமுள்ள இரண்டு இலக்கங்களைத் தேட வேண்டும். 61, 72, 83, 94 போன்றவை. இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். தூக்கமும் எரிச்சலும் சேர்ந்தால் தெரிந்ததும் மறந்துபோகும். அவர் என் லெட்ஜரை எடுத்து, பக்கம் பக்கமாக அந்த ஜோடிகளைத் தேடியிருக்கிறார். ஒரு கணக்கில் 72 ரூபாய் வரவு 27 என்று என் கையால் பதிவாகியிருந்தது. சிவப்பு மையால் திருத்திச் சுருக்கொப்பம் இட வேண்டிய இடத்தை அவர் தொடவில்லை. பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி மட்டும் வைத்திருந்தார். நானே கண்டுபிடித்ததாக நான் சொல்லிக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது.

சீட்டில் இரண்டே வரிகள். முதல் வரியில் பக்க எண்ணும் 72 என்ற தொகையும். இரண்டாம் வரியில், 'திதி நல்லபடியாக முடிந்ததா?' என்ற கேள்வி.

திதி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. முந்தைய ஆண்டு அதே நாளில் விடுப்பு எடுத்ததை அவர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சற்று நேரத்தில் மேலாளர் வந்து, "என்ன சார், வித்தியாசம் கிடைத்ததா?" என்று கேட்டார். அடுத்த மேஜையில் அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். "கிடைத்துவிட்டது" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்குச் சில விநாடிகள் பிடித்தன. அந்த விநாடிகளின் நீளம் இன்றும் நினைவிருக்கிறது. "நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் கண்டுபிடித்துக் கொடுத்தார்" என்றேன். அன்று மாலை இருவரும் எதிர்க்கடையில் காபி குடித்தோம். எட்டு மாதத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தந்தையாரின் திதி எப்படி நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. திருக்குறிப்புத் தொண்டர் புராணம் வரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பென்சில் எழுத்து மங்கிவிட்டது. 72 மட்டும் தெரிகிறது.